வெறுந்தாளில் வைத்த ரேகை

வக்கீல் சங்கரலிங்கம் அந்தத் தாளை மேசைமேல் வைத்த விதத்திலேயே கிருபாபாய்க்கு ஏதோ கோளாறு என்று தெரிந்துபோயிற்று. பதினாலு வருசமாக அந்த ஆபீசில் டைப் அடிக்கிறாள். என்றைக்காவது அந்த மனுசர் தானே எழுந்து வந்து தாளைக் கொடுத்திருக்கிறாரா? உள்ளறையிலிருந்து "கிருபா" என்று ஒரு சத்தம் வரும், குமாஸ்தா மாரிச்சாமி தாளைக் கொண்டுவந்து போடுவார், அவ்வளவுதான். அன்றைக்கு அவரே வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வேறு வைத்தார்.

"நாலே வரிதாம்மா. வெள்ளத்தாய் தாவா நாளைக்கு முன்சீப் கோர்ட்டுல வருதுல்ல? சாயங்காலத்துக்குள்ள அடிச்சு வச்சிரு."

துண்டுச்சீட்டில் அவர் கையால் எழுதியிருந்ததைக் கிருபாபாய் படித்தாள். 'வாதியாகிய நான் இந்தத் தாவாவை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை. ஆகவே இதைத் தள்ளுபடி செய்யும்படி வேண்டுகிறேன்.' அதோடு ஒரு வெறுந்தாள். வெறுமை எல்லாம் மேலேதான். அடியில் வெள்ளத்தாயின் பெருவிரல் ரேகை அப்பிக் கிடந்தது. பக்கத்தில், 'இது வெள்ளத்தாயின் இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தது. யார் கையெழுத்து? சாட்சாத் கிருபாபாயின் கையெழுத்தேதான்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

வெள்ளத்தாய் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். புருசன் போய்ச் சேர்ந்து எட்டு வருசம். சொத்து என்று சொன்னால் ஒரு நூல் மில்லின் பின்சுவரை ஒட்டி நிற்கிற ஓட்டு வீடு ஒன்றுதான். அந்த மில்லுக்குக் குடோன் கட்ட இடம் போதவில்லையாம். ஊரில் வேறு இடமா இல்லை? இவள் அடுப்பங்கரைதான் வேண்டுமாம். ஆள் அனுப்பி மிரட்டினார்கள், ஓட்டைப் பிரித்துப் போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடிவந்து சங்கரலிங்கம் காலில் விழுந்தாள். அவரும் மில்லுக்கு எதிராகத் தாவா போட்டு, தடையுத்தரவு வாங்கிக் கொடுத்தார். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு நன்றாகத்தான் வாதாடினார். தாவா நடக்கிற வரைக்கும் தடை நிற்கும். தாவா போய்விட்டதோ, மறுநாள் விடியும்போது வாசலில் கடப்பாரை நிற்கும்.

சரி, வெறுந்தாளில் ரேகை எப்படி வந்தது? அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே கிருபாபாய்தான்.

கோர்ட்டு வேலை என்றால் சும்மாவா? வாய்தா கேட்க ஒரு மனு, ஆவணம் தாக்கல் செய்ய ஒரு மனு, மனுவுக்கு ஒரு மனு. ஒவ்வொன்றுக்கும் கட்சிக்காரர் வந்து கையெழுத்தோ ரேகையோ வைத்தாக வேண்டும். வெள்ளத்தாய் ஒரு மாசத்தில் மூன்று தடவை வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தாள். மூன்று தடவையும் வக்கீல் மதுரைக்குப் போயிருந்தார். மூன்றாவது தடவை அந்தம்மா வாசல்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்க்கக் கிருபாபாய்க்குப் பொறுக்கவில்லை. "அழாத வெள்ளத்தாயி, இங்க வா. இந்த அஞ்சு தாள்லயும் அடியில ரேகை வச்சிட்டுப் போ. வேணுங்கிறப்ப நான் மேல அடிச்சுக்கிடுதேன். நீ அலைய வேண்டாம்" என்றாள். சாட்சிக் கையெழுத்தும் அப்போதே போட்டுவைத்தாள்.

வெள்ளத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். வக்கீலுக்கும் வெகு சந்தோசம். "நல்ல யோசனைம்மா கிருபா, எல்லாருக்கும் இப்படியே பண்ணிரு" என்றார். கைநாட்டுக் கட்சிக்காரர் யார் வந்தாலும் அஞ்சு தாள். கிராமத்துச் சனங்கள் 'டைப்பம்மா, டைப்பம்மா' என்று அவள்மேல் உசிரையே வைத்திருந்தன. பீரோவில் அதற்கென்றே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. நல்லது செய்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போடும்போது அதையும் ஆண்டவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். என்ன புத்தியோ!

துண்டுச்சீட்டை மேசைமேலேயே போட்டுவிட்டு நேரே உள்ளறைக்குப் போனாள்.

"சார், வெள்ளத்தாய் எப்ப வந்து தாவா வேண்டாம்னு சொன்னா?"

"நான் பேசிட்டேன்மா."

"எப்ப பேசுனீங்க? நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்து, தாவா எப்ப முடியும்னு கேட்டாளே?"

சங்கரலிங்கம் பேனாவை மூடினார். "மில்லுக்காரங்க அவளுக்கு வேற இடத்துல ரெண்டு சென்ட் தாரோம்னு சொல்லியிருக்காங்க. அவளுக்கும் நல்லதுதான்."

"எழுத்துல குடுத்திருக்காங்களா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் மேசைமேல் கிடந்த காகிதம் அவள் கண்ணில் பட்டது. மில்லின் பேர் அச்சடித்த கடிதம். அடுத்த மாசத்திலிருந்து அந்த மில்லுக்கு லீகல் அட்வைசர் திரு. சங்கரலிங்கம் அவர்கள். அடப்பாவி மனுசா! ஒரு நாற்காலிக்கு ஒரு பொம்பளையின் வீடா?

"நீங்களே எழுதிக் குடுத்தா என்ன சார்? வக்கீல் கையெழுத்துலயே முடிக்கலாமே. அவ ரேகை எதுக்கு?"

"நாளைக்கு அவ என்மேல பார் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டா? கட்சிக்காரி ரேகை இருந்தா ஒரு பயலும் கேக்க முடியாது. சாட்சியும் இருக்குல்ல." சிரித்தார். அந்தச் சாட்சி யாரென்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"நான் அடிக்க மாட்டேன்."

"நீ அடிக்காட்டி ஜாப் டைப்பிங் கடையில அடிச்சிட்டுப் போறான் மாரிச்சாமி. நாலு வரிக்கு எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்? தொண்டை வலிக்கப்போகுது, போய்த் தண்ணி குடிம்மா."

அந்த 'ம்மா' இருக்கிறதே, அதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றலாமா என்று அவள் கை துறுதுறுத்தது. கழற்றவில்லை. வெளியே வந்தாள். மாரிச்சாமி அந்தத் தாளையும் துண்டுச்சீட்டையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கும் பொண்ணு இருக்கு."

"அதனாலதான்மா வாயத் திறக்காம இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

கிருபாபாய்க்கு யார்மேல் கோபம்? வக்கீல்மேல் கோபம், மாரிச்சாமிமேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தாளின் அடியில் குண்டு குண்டாக எழுதியிருந்த தன் கையெழுத்தின்மேல் கோபம். பீரோவைத் திறந்தாள். கட்டைப் பிரித்து, வெள்ளத்தாய் ரேகை வைத்த தாளைத் தேடினாள். மூன்று தாள் முன்னமே மனுக்களுக்குப் போயிற்று, நாலாவது மாரிச்சாமி கையில் போய்க்கொண்டிருக்கிறது, மிச்சம் ஒன்று இருந்தது. அதை உருவி மடித்து, டிபன் பையில் வைத்தாள். உள்ளறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கட்டை அப்படியே வைத்துப் பீரோவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வாசலில், ஐந்து மணிக்கு வேலை விட்டதும் வெள்ளத்தாய் வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. விசயத்தைக் கேட்டதும் அழுவாள் என்று கிருபாபாய் நினைத்தாள். அவள் அழவில்லை.

"அந்தாளு மோசம் பண்ணுனது இருக்கட்டும். வக்கீல் சொல்லியா நான் ரேகை வச்சேன்? நீ சொன்ன, வச்சேன். டைப்பம்மா சொன்னா சரியா இருக்கும்னு வச்சேன்."

"நான் நல்லதுக்குத்தான்..."

"என்ன நல்லது? வெறுந்தாளுல வைக்கச் சொன்னியே, நீ வைப்பியா? உன் வீட்டுப் பத்திரத்துக்கு வெறுந்தாளுல கையெழுத்துப் போடுவியா?"

ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கிருபாபாய் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? போட மாட்டாள். யாருமே போட மாட்டார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துரு வெள்ளத்தாயி. நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தாவாவைக் கூப்பிட்டார்கள். சங்கரலிங்கம் கவுனை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து, ரேகைத் தாளில் அடித்த அந்த நாலு வரி மெமோவை நீட்டினார். முன்சீப் படித்துவிட்டு, "வாதி வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"உடம்பு சுகமில்லைங்க. அதனாலதான் எழுதி அனுப்பியிருக்காங்க."

"எனக்கு ஒரு சுகக்கேடும் இல்ல சாமி!" கடைசி பெஞ்சிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு வக்கீல் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். "இந்தா, குத்துக்கல்லாட்டம் நிக்கேன்."

முன்சீப் அவளை முன்னால் கூப்பிட்டு மெமோவைக் காட்டினார். "இது உங்க ரேகையா?"

"ரேகை எனக்குள்ளதுதான்யா. எழுத்து எனக்குள்ளது இல்ல. மேல ஒரு எழுத்து இல்லாதப்ப வச்சது."

"அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சங்கரலிங்கம் குழைந்தார். "யாரோ மனசைக் கலைச்சு விட்டிருக்காங்க. சாட்சிக் கையெழுத்தே இருக்கு, பாருங்க."

"அந்தச் சாட்சி நான்தான்" என்று கிருபாபாய் முன்னால் வந்தாள். "இந்த வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். வெறுந்தாள்ல ரேகை வைக்கச் சொன்னது நான். சாட்சி போட்டதும் நான்."

"நேத்து வேலையை விட்டு நிறுத்துன பொம்பளைங்க. வயித்தெரிச்சல்ல பேசுறா."

யார் யாரை நிறுத்தினார்கள்? அவள் டிபன் பையிலிருந்து அந்த அஞ்சாவது தாளை எடுத்து நீட்டினாள். அதே இடத்தில் அதே ரேகை, அதே சாட்சிக் கையெழுத்து. மேலே ஒரு எழுத்துக்கூட இல்லை.

முன்சீப் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். சங்கரலிங்கத்தின் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்க்கக் கிருபாபாய்க்கு ஆனந்தமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? மெமோவை ஏற்க முடியாது, தடை தொடரும், வாதி வேறு வக்கீலை வைத்துக்கொள்ளலாம், சங்கரலிங்கம் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று முன்சீப் சொன்னார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

"வெறுந்தாள்ல சாட்சி போட்டது நீங்களும் செஞ்ச தப்புதான். இப்படி வேற தாள் எதுவும் அந்த ஆபீஸ்ல இருக்கா?"

கிருபாபாய் பீரோவில் இருந்த கட்டை நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கேஸ் வருமோ? தன் பேர் ஜெயில் வரைக்கும் போகுமோ? நேற்றிலிருந்து ஏறியிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

"தெரியலைங்கய்யா" என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளத்தாய் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வீடு தப்பித்தது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று கிருபாபாய் காத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைன்னு ஏன் சொன்ன?" என்றாள் வெள்ளத்தாய்.

"என்ன?"

"பீரோவுல ஒரு கட்டே இருக்குன்னு காலையில கோர்ட்டு வாசல்ல நீதான சொன்ன? அந்தத் தாளு யாரோடது? என்னையப் போல எத்தன பேரு?"

"நாப்பது பேருக்குக் குறையாது."

"நாப்பது பேரு! அவுக வீடு, அவுக காடு. அய்யா அம்புட்டுத் தெளிவாக் கேட்டாகளே, வாயில என்ன வச்சிருந்த?"

"பயந்துட்டேன் வெள்ளத்தாயி."

அந்த நேரம் பார்த்து மாரிச்சாமி அவர்களைத் தாண்டிப் போனார். நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. "அந்தக் கட்டைத் தேடாதீங்கம்மா. காலையிலேயே வக்கீல் ஐயா காருல வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

கிருபாபாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எடுத்ததுதான் எடுத்தாள், முழுக் கட்டையும் எடுத்திருக்கக் கூடாதா? அத்தனை தாளிலும் குண்டு குண்டாக அவள் கையெழுத்து. நாளைக்கு எந்தத் தாளில் எந்த வரி ஏறும், யாருக்குத் தெரியும்? தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். பொறுக்காமல் இன்னொன்றும் அடித்துக்கொண்டாள்.

"அடிச்சது போதும். எந்திரி" என்றாள் வெள்ளத்தாய். "உள்ள போயி, தெரியலைன்னு சொன்னது பொய்யின்னு அய்யாகிட்ட முதல்ல சொல்லு. பொறவு பேரைச் சொல்லு. யாரு மொதல்ல?"

"செண்பகத்தோப்பு பால்ச்சாமி. அவர் நிலத்துக் கேஸ் வர்ற வெள்ளிக்கிழமை வருது. அதுக்கடுத்து உக்கிரபாண்டி, மம்சாபுரம்." மனப்பாடமாக வந்தது. அவள் அடித்த மனுக்கள்தானே எல்லாம்.

"சரி. அய்யாகிட்ட சொல்லிட்டு மத்தியான பஸ்ஸுல செண்பகத்தோப்புக்குப் போறோம். ஒருத்தர் விடாம நாப்பது பேரு வீட்டுக்கும் போறோம்."

"நீயும் வாரியா?" கிருபாபாய்க்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "எனக்காகவா..."

"உனக்காக ஒண்ணும் இல்ல." வெள்ளத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்க ரேகையை வெறுந்தாளுல ஏன் வாங்குனன்னு நாப்பது பேரும் உன்னைய நிக்கவச்சுக் கேப்பாக. ஒவ்வொருத்தருக்கும் நீ என்ன பதில் சொல்லுதன்னு நான் பக்கத்துல நின்னு கேக்கணும்."