நாலு மணி உத்தரவு

"நாலு மணிக்குக் கரைய வெட்டியாகணும், தோழர் தாவ். நகரத்துல தண்ணி விளிம்புக்கு நாலு விரல் கீழ நிக்குது." மாகாணத்திலிருந்து பேசிய குரலோடு கரைமேல் கூடாரத்துத் தொலைபேசி அடங்கியது. மாவட்டத் தலைவர் தாவ் ஜிங்வென் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை.

1954, ஜூலை. பதினெட்டு நாளாக மழை. யாங்சி ஆற்றின் இந்தக் கரையை வெட்டினால் ஏழு கிராமங்கள் மூழ்கும். கீழே உள்ள நகரம் பிழைக்கும். ஊர்களைக் காலி செய்தாயிற்று. ஆனால் வெட்ட வேண்டிய இடத்தில் முப்பது பேர் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாவின் மனைவியின் அண்ணன், லூ சாங்கென்.

"மச்சான், எந்திரிங்க."

"வாங்க தலைவரே. அடுத்த மாசம் மாகாணத்துக்குப் பெரிய வேலைக்குப் போறீங்களாமே? எங்க வயலத் தாண்டித்தான் போகணுமோ?"

யாரோ சிரித்தார்கள். தாவ் சிரிக்கவில்லை. கரையின் மறுபக்கம் நெல் பழுத்தும் பழுக்காமலும் நின்றது.

"இன்னும் எட்டு நாள்," என்றான் சாங்கென். "எட்டே நாள்தான் மாப்ள."

மண்வெட்டிகளோடு இருநூறு காவல்படையினர் காத்திருந்தார்கள். இழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவார்கள்.

"மண்வெட்டியக் கீழ போடுங்க. ஊருல இருக்குற கதிரரிவாள எடுங்க. ஆறு மணி வரைக்கும் அறுக்கலாம்."

படைத்தலைவர் அருகில் வந்தார். "உத்தரவு நாலு மணிக்கு. நகரத்துல கரை உடைஞ்சா?"

"என் பேரச் சொல்லுங்க."

கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வயலுக்கு ஓடினார்கள். தாவும் இறங்கி அறுத்தார். நாலு மணிக்குப் பிறகு கூடாரத்துத் தொலைபேசி பலமுறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அவர் முதுகு விறைத்தது, நிமிரவில்லை. ஆறு மணிக்குக் கால்வாசிதான் முடிந்திருந்தது. "போதும்" என்று கரையேறி முதல் வெட்டை அவரே போட்டார். ஈரக் கதிர்க்கட்டைத் தலையில் வைத்திருந்த சாங்கென், தண்ணீர் தன் வாசலுக்குள் நுழையும் வரை பார்த்து நின்றான்.

நகரம் தப்பியது. மாகாணத்து வேலைக்கு வேறொருவர் போனார். செப்டம்பரில் தாவை அந்த நகரத்துக்கே விசாரணைக்கு அழைத்தார்கள்.

"அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யார் அனுமதி குடுத்தது? உங்க மச்சானுக்காகவா?"

அவர் யோசித்தார். "அவருக்காகவும்தான்," என்றார்.

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. "வெளிய இருங்க. கூப்பிடுறோம்."

தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்றார். கீழே தெரு காய்ந்து கிடந்தது. ஒரு பெண் மூங்கில் கழியில் மெத்தை விரிப்பை உலரப் போட்டு, பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் வெயிலில் தூசி எழும்பியது.