படிக்கட்டில் எடுத்த கருத்து

எங்கள் குடியிருப்பில் வெளியாளைச் சட்டென்று உள்ளே கூப்பிட மாட்டோம். வீடு கிடக்கிற லட்சணம் அப்படி. அரசுக் கல்லூரிக் கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்க வந்த பெண்ணையும் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டோம். அங்கே தும்மினால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"கட்டணத்த ஏத்தினா உங்களால கட்ட முடியுமாங்க?"

தையல்காரர் மகள் அந்தக் கல்லூரியில்தான் முதல் வருஷம். கட்டணம் ஏறினால் அவள் படிப்பு அம்போ. ஊருக்கே தெரியும், எனக்கு முதலில் தெரியும். ஆனால் மேல்படியில் குமாஸ்தா மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாளே!

"பொண்ணு படிப்புல போய்க் கணக்குப் பாப்போமா? தாராளமா ஏத்தட்டும்மா" என்றார் தையல்காரர்.

குமாஸ்தா மனைவி விடுவாளா? "எங்களுக்கு ரெண்டு மடங்கானாலும் ஒண்ணுமில்ல." அவள் பையன் இன்னும் மூன்றாம் வகுப்பு. நான் மட்டும் இளைத்தவளா? "மூணு மடங்கு" என்றேன். எனக்குப் பிள்ளையே கிடையாது.

இரண்டே மாதத்தில் அறிவிப்பு வந்தது. பெரும்பாலான மக்கள் ஆதரவாம். அடுத்த ஆண்டு கட்டணம் இரட்டிப்பாம்.

தையல்காரர் மகள் ஒரு மனுவோடு கதவைத் தட்டினாள். கட்ட முடியாதவர்கள் காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் மறுபடி யோசிப்பார்களாம்.

"அத்தை, நீங்களாவது உள்ளத எழுதுங்க."

"எழுதறேன் கண்ணு. உங்கப்பா எழுதிட்டாரா?"

"மத்தவங்க எழுதட்டும்ங்கறாரு."

தாள் மூன்று மாடியும் சுற்றி இருபத்து மூன்று கையெழுத்தோடு திரும்பியது. முதல் வரியில் குமாஸ்தா மனைவி: "எங்களுக்குச் சிரமமில்லை. ஏழை மாணவர் நலன் கருதி." அதற்குக் கீழே எல்லோரும் "மேற்படி." நானும் மேற்படி. தையல்காரரும் மேற்படி.

"ஏம்ப்பா, அந்த ஏழை யாருப்பா?" என்று கடையில் வைத்தே கேட்டாள். அவர் மிஷினை வேகமாக மிதித்தார். கடைசி வரியில் அவளே எழுதினாள்: "எங்கப்பாவால் கட்ட முடியாது."

மனு திரும்பி வந்தது. இருபத்து மூன்று பேர் சிரமமில்லை என்று கைப்பட எழுதியிருக்கிறார்கள். ஒருவருடைய சிரமம் பொதுக்கருத்து ஆகாதாம்.

இப்போது அவள் கடையில் பட்டன் தைக்கிறாள். துணி கொடுக்கப் போனால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"அங்க பாடமே ஒழுங்கா நடத்தறதில்லம்மா. நான்தான் நிறுத்திட்டேன்" என்கிறார் தையல்காரர்.

"நல்ல காரியம் பண்ணீங்க" என்கிறோம் நாங்களும்.