மாடிக் கழிப்பறை

சுவரில் ஒட்டியிருந்த எண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் வேம்பு. பதினான்கு. பத்தாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, பெஞ்சு போட்டால் பிள்ளைகளின் முதுகு படும் உயரத்தில் அது ஒட்டப்பட்டிருந்தது. பழைய தோசைக் கரண்டியால் ஓரத்தை நெம்பினால் காகிதம் மட்டும் உரிந்து வந்தது, பசை சுவரிலேயே தங்கிவிட்டது. துணியை வெந்நீரில் நனைத்து அழுத்திப் பிடித்தாள். மறுபடி சுரண்டினாள். அந்த அறையில் மட்டும் இருபது எண்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே ஒரு மெத்தை, ஒரு பிளாஸ்டிக் டம்ளர், இருமிக்கொண்டு ஓர் ஆள்.

வீட்டில் தனி அறை இல்லாத தொற்று நோயாளிகளைக் கொண்டுவந்து வைக்கும் இடமாக அந்தப் பள்ளிக்கூடம் இரண்டு மாதம் இருந்தது. ஆசிரியர்கள் வீட்டில் இருந்தபடி போனில் பாடம் நடத்தினார்கள். ஒப்பந்தத் துப்புரவுக்காரியான வேம்பு மட்டும் தினமும் வந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதும் வெந்நீர் சுமப்பதும் வாந்தி அள்ளுவதும் அவள் வேலை. முதல் வாரம் ஒரு நீல அங்கி கொடுத்தார்கள். துவைத்துத் துவைத்து அது கிழிந்த பிறகு, புடவைக்கு மேல் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"எம்மா வேம்பு, இன்னாம்மா இன்னும் இங்கயே நிக்கிற? ஹெச்.எம். கூப்புடறாரு." வாட்ச்மேன் பாவாடை வராந்தாவிலிருந்தே கத்தினார். அறைக்குள் கால் வைக்க அவருக்கு இன்னும் பயம்.

"வந்துட்டேண்ணே."

தலைமையாசிரியர் ராமலிங்கம் மேசைமேல் சுற்றறிக்கைகளைப் பரப்பி வைத்திருந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஒன்றரை வருஷமாக வகுப்பு நடக்காமல் கிடந்த பள்ளியைத் திங்கட்கிழமை திறக்க வேண்டும். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

"ரூமெல்லாம் முடிஞ்சுதா?"

"ரூமு முடிஞ்சுடும் சார். மாடி கக்கூஸுதான்."

அவர் பேனாவை மூடினார்.

மாடியில் பெண் பிள்ளைகளுக்கு மூன்று கழிப்பறைகள். மூன்றிலும் மஞ்சள் பிளாஸ்டிக் பைகள் வேம்புவின் தோள் உயரத்துக்குக் கிடந்தன. கையுறை, முகக்கவசம், ரத்தம் தோய்ந்த பஞ்சு, ஊசி, வயசானவர்களுக்குக் கட்டிய டயப்பர். எடுத்துப்போக வேண்டிய வண்டி இரண்டு தடவை வந்தது, அப்புறம் வரவில்லை. எலி கடித்துப் பைகள் பிரிந்திருந்தன. நாலு தடவை சொல்லிவிட்டாள்.

"நானும் லெட்டர் போட்டுட்டேன். வர்றப்ப வருவான். அதுவரைக்கும் பூட்டு போட்டுடு. ஆபீசர் வந்தாலும் மாடி ஏற மாட்டாரு."

"பொம்பளப் புள்ளைங்களே நூத்தம்பது பேரு சார். கீழ ஒண்ணுதான் இருக்குது. அதுக்கும் கொக்கி இல்ல."

"அரை நாள்தானேம்மா ஸ்கூலு. அடக்கிக்குவாங்க." சுற்றறிக்கையைப் பார்த்தபடியே சொன்னார். "கதவாண்ட கொஞ்சம் பினாயில் ஊத்திடு. வாசனை வந்தாலே சுத்தமா இருக்குன்னு நெனச்சிக்குவாங்க."

வேம்பு மாடி ஏறினாள். பூட்டைப் பூட்டினாள். பாட்டிலைக் கவிழ்த்தாள். வெள்ளையாகக் கரைந்த பினாயில் கதவுக்கு அடியில் உள்ளே ஓடியது. சற்று நேரம் அது ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெல்லித்தோப்பில் அவள் குடியிருந்த ஒற்றை அறையில், மகள் அபி பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு நின்றாள். எட்டாம் வகுப்பில் எடுத்தது. இப்போது பத்தாம் வகுப்பு. அதன் பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்தது. வேம்பு தரையில் உட்கார்ந்து, மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து இறக்கினாள். இறக்கிய இடம் மட்டும் புதுசாய்க் கருநீலமாக இருந்தது, மற்றதெல்லாம் வெளுத்திருந்தது.

"கோடு தெரியுதும்மா."

"தெரிஞ்சா தெரியட்டும்."

"சிரிப்பாளுங்க."

"மாஸ்க் போட்டுனு சிரிச்சா யாருக்குத் தெரியும்?"

அபி சிரித்துவிட்டாள். ஒன்றரை வருஷமாக அவள் படித்தது பக்கத்து வீட்டுப் போனில். அவர்கள் பேசி முடித்து, சீரியல் பார்த்து முடித்து, சார்ஜ் மிச்சமிருந்தால் கிடைக்கும். கணக்குப் பாடத்தில் பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியாது. பள்ளி திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பையைத் துவைத்து ஜன்னலில் மாட்டி வைத்திருந்தாள்.

"தண்ணி பாட்டில் ஊட்லேர்ந்துதான் எடுத்துனு வரணுமாம்மா."

"தண்ணி ரொம்ப குடிக்காத அங்க."

"ஏன்?"

வேம்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தான் சொன்ன வார்த்தை தன் காதிலேயே ராமலிங்கம் சாரின் குரலில் கேட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

பள்ளியிலிருந்து வேம்பு கொண்டுவந்திருந்த தாளை அபி எடுத்து வாசித்தாள். "என் மகளை எனது சொந்த விருப்பத்தின் பேரிலேயே பள்ளிக்கு அனுப்புகிறேன். அவளுக்கு நோய்த்தொற்று ஏற்பட்டால் அதற்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்பதை அறிவேன். பெற்றோர் கையொப்பம். நீதாம்மா போடணும்."

"போடறேன். கூட்டத்துல போய் போடறேன்."

சனிக்கிழமை, வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒப்பந்தக்காரர் கொடுத்திருந்த யூனிபார்ம் கோட்டை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பிரார்த்தனை மைதானத்தில் நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தன. அவள்தான் காலையில் போட்டாள். கடைசி வரிசையில், வேப்ப மர நிழலில் ஒன்றில் உட்கார்ந்தாள். தாள் மடியில் இருந்தது.

"அங்க இன்னா உக்காந்துட்ட?" ராமலிங்கம் மேடையிலிருந்தே கேட்டார். "சானிடைசர எடுத்துனு கேட்டாண்ட நில்லும்மா. ஜனங்க வர்றாங்க பாரு."

எழுந்து போனாள். வருகிறவர்களின் உள்ளங்கையில் இரண்டு சொட்டு, இரண்டு சொட்டாக ஊற்றினாள். சிலர் கையை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நல்லா இருக்கீங்களா வேம்புக்கா?"

ஜஹபர் நிஷா. வேம்புவின் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் அப்துல் முத்தலிப் பதினோரு நாள் இந்தப் பள்ளியில் பதினான்காம் எண்ணுக்குக் கீழே கிடந்தார். தினமும் அவள் கேட்டுக்கு வெளியே நின்று கஞ்சித் தூக்கைக் கொடுப்பாள். வேம்பு வாங்கிப் போய் ஊட்டிவிட்டு, "இன்னிக்கு அரைத் தூக்கு குடிச்சாருமா" என்று வந்து சொல்லுவாள்.

"இருக்கேம்மா. அண்ணன் எப்படி இருக்காரு?"

"கடைக்குப் போறாரு. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது."

கூட்டம் தொடங்கியது. வெப்பநிலை பார்ப்போம், பெஞ்சுக்கு ஒருவர்தான், மதியச் சாப்பாடு கிடையாது என்று ராமலிங்கம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த ஒருவர் எழுந்தார். "எங்களாண்ட கையெழுத்து வாங்கிக்கிறீங்க. புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு சார் பதில் சொல்றது?"

"மேலேர்ந்து வந்த ஃபார்மேட் சார் அது. நான் எழுதல."

"அப்ப மேல இருக்கறவங்க புள்ளைய மொதல்ல அனுப்பச் சொல்லுங்க!"

சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. வேம்புவும் முகக்கவசத்துக்குள் சிரித்தாள். இவர்கள் கேட்பார்கள், விட மாட்டார்கள் என்று நினைத்தாள்.

ஜஹபர் நிஷா கையைத் தூக்கினாள். "எம் பொண்ணு ஸமீஹா பத்தாவது. வயசுக்கு வந்த பொண்ணு சார். இங்க நோயாளிங்கள வச்சிருந்தீங்க. டாய்லெட்டெல்லாம் கழுவியாச்சா?"

"எல்லாம் பக்காம்மா. நான் சொல்றது என்ன, கழுவினவங்களே நிக்கிறாங்க." ராமலிங்கம் கேட்டுப் பக்கம் கை நீட்டினார். "வேம்பு, நீயே சொல்லு."

எல்லாத் தலையும் திரும்பியது. சானிடைசர் பாட்டிலின் மூடியை வேம்பு அழுத்தித் திருகி மூடினாள். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் பாவாடை தொண்டையைச் செருமினார். "ஆமாம் சார்" என்று இரண்டு வார்த்தை போதும். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். அபி மாடி ஏறி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து அடக்கிக்கொண்டு உட்காருவாள். ஸமீஹாவும் உட்காருவாள்.

"கீழ கழுவிட்டேன் சார்," என்றாள். "மாடியில கழுவல. மூணு கக்கூஸுலயும் மஞ்சப் பை கெடக்குது. ஊசி, பஞ்சு எல்லாம். பூட்டி வச்சிருக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. இப்போது இவர்கள் மாடி ஏறுவார்கள், பூட்டைத் திறக்கச் சொல்லுவார்கள் என்று வேம்பு இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நோயாளிங்க குப்பையா?" ஹெல்மெட்காரர் கேட்டார். "யாரு அதையெல்லாம் அள்ளினது?"

ராமலிங்கம் மைக்கைக் கையில் எடுத்தார். அவர் குரல் சட்டென்று தணிந்திருந்தது. "அந்த ரெண்டு மாசமும் இங்க வேலை செஞ்சது இந்தம்மாதான்."

"இவங்களா? இவங்க கையாலதான் எங்களுக்கு மருந்து ஊத்துனாங்களா?" ஒரு பெண் உள்ளங்கையைப் புடவையில் தேய்த்தாள்.

"அந்தக் கையோட எங்க புள்ளைங்க பெஞ்ச தொடைப்பாங்களா?"

"ஆள மாத்துங்க சார் மொதல்ல! இவங்க இருந்தா நாங்க அனுப்ப மாட்டோம்!"

"நான் மூணு தடவ டெஸ்ட் எடுத்தேன்," என்றாள் வேம்பு. "எனக்கு ஒண்ணும் வரல. பைதான் மேல கெடக்குது, பைய எடுக்கச் சொல்லுங்க." யாருக்கும் கேட்கவில்லை. ஜஹபர் நிஷாவைப் பார்த்தாள். அவள் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பேரண்ட்ஸ் விருப்பம்தான் எங்க விருப்பம்," என்று ராமலிங்கம் மைக்கில் சொன்னார். "இன்னிக்கே ஆள மாத்திடறோம்." கைத்தட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக மேசைக்கு வந்து சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மாடியை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தக்காரர் வடிவேல் போனில் கூப்பிட்டபோது அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்குமா வாயத் தொறந்த? இனிமே வராத. கோட்ட குடுத்துடு." வைத்துவிட்டார். சாவியைக் கொண்டுபோய் ராமலிங்கத்தின் மேசைமேல் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு பேனாவை நகர்த்தினார்.

"பேரண்டா கையெழுத்து போட்டுட்டுப் போ. உன் பொண்ணுது மட்டும் பாக்கி."

அவள் பேனாவை எடுக்காமல் நின்றாள். வெளியே வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னலில் மாட்டியிருந்த அபியின் பை நினைவுக்கு வந்தது. குனிந்து, வே, ம், பு என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். தாள் பொத்துக்கொண்டது.

கேட்டுக்கு வெளியே ஜஹபர் நிஷா காத்திருந்தாள். "வேம்புக்கா, கோவிச்சுக்காதீங்க. அத்தன பேருக்கு முன்னாடி நான் ஒருத்தி எந்திரிச்சா..."

"பதினோரு நாளு உங்க ஊட்டுக்காரர் எச்சில் டம்ளர கழுவினேன்," என்றாள் வேம்பு. "அப்ப ஒட்டாதது இப்ப ஒட்டிக்கிச்சா?"

"எம் பொண்ணும் படிக்கணும்லக்கா."

வேம்பு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

திங்கட்கிழமை காலை அபியோடு பள்ளி வரைக்கும் போனாள். கேட்டில் பலூன் கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் பாவாடை காய்ச்சல் பார்க்கும் கருவியை ஒவ்வொரு நெற்றிக்கும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீ வெளியவே நின்னுக்கம்மா," என்றார் மெதுவாக. "பேரண்ட்ஸு பாத்தா என்னைத்தான் கேப்பாங்க."

"புது ஆளு வந்துட்டாங்களாண்ணே?"

"எவ வருவா? வர்றேன்னு சொன்னவங்க ரெண்டு பேரும் வரல."

அபி உள்ளே போனாள். மைதானத்தில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தன. ஒரு வட்டத்துக்குள் நின்று திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். பிரார்த்தனை முடிந்தது. வேம்பு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் ஓர் ஆசிரியை ராமலிங்கத்திடம் ஏதோ கேட்டார். அவர் மாடியைக் காட்டினார். ஆசிரியை படியிறங்கி வந்து வரிசைகளைப் பார்த்தார்.

"வேம்பு பொண்ணு யாருப்பா இதுல?"

அபி கையைத் தூக்கினாள்.

"இங்க வா. மாடி டாய்லெட்டுல சும்மா தண்ணி ஊத்தி, பைய ஓரமா தள்ளிட்டு வந்துடு. உனக்குத்தான் பழக்கமா இருக்கும்." ஆசிரியை படியோரம் இருந்த பக்கெட்டின் கைப்பிடியை விரல் நுனியால் நகர்த்தினார். சாவியை அபியின் உள்ளங்கையில், தன் கை படாமல் மேலிருந்து போட்டார்.

"அபீ!" வேம்பு கேட்டுக்கு வெளியிலிருந்து கத்தினாள்.

அதே நேரம் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. கை கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். "எல்லாரும் கைய நீட்டுங்க. உள்ளங்கையத் தேயுங்க. விரல் இடுக்குல தேயுங்க." வேம்பு கேட்டைத் தள்ளினாள். பாவாடை சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா, வேணாம்மா" என்றார், அழுவதுபோல. அவள் மறுபடி கத்தினாள்.

அபியின் வெளுத்த யூனிபார்மின் ஓரத்தில் ஒரு கருநீலக் கோடு படியில் ஏறிப் போனது. முதுகில் புத்தகப் பை, கையில் பக்கெட். கீழே, சுண்ணாம்பு வட்டங்களில் நின்ற அத்தனை பிள்ளைகளும் கையை முன்னால் நீட்டி, தண்ணீரில்லாத வெறுங்கையை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா தேயுங்க," என்றது ஒலிபெருக்கி. "இருபது எண்ணுற வரைக்கும் தேயுங்க."