வெளியே நின்ற வண்டி

1

“உம்மட அயர்லாந்துக்காரன் நல்லவனோ, கூடாதவனோ?”

“பாராளுமன்ற உறுப்பினர்.”

“அப்ப நான் கேட்டிருக்கத் தேவையில்லை.”

போன ஞாயிறு, மாசி என்ற எங்கள் ஊரிலிருந்து பூசைக்குப் போகும் வழியில், காருக்குள் நடந்த பேச்சு இது. இந்தக் கதையும் அங்கேதான் பிறந்தது. கேட்டவர் பிரணவன், சைவர். பதில் சொன்னவள் அவர் மனைவி, கத்தோலிக்கப் பெண். குடும்பக் கதைகள் எழுதுபவள். அயர்லாந்துக்காரன், அவள் அப்போது எழுதத் தொடங்கியிருந்த கதையின் ஆள். அவளை ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அன்ரனீற்றா என்றே இருக்கட்டும்.

2

1768. டப்ளின் பாராளுமன்றத்துக்குள் எட்மண்ட் கம்பீரமாக

(விட்டாயிற்று. அன்ரனீற்றாவுக்குக் கம்பீரம் எழுத வராது.)

அந்தக் காலத்தில் அங்கே கத்தோலிக்கர் உறுப்பினராக முடியாது. ஆசனத்துக்காக எட்மண்ட் புரட்டஸ்தாந்து சபைக்கு மாறினார். மனைவி ஹொனோரா ஊருக்காக மாறினாள், மனத்தில் மாறவில்லை. ஞாயிறுதோறும் விடியமுன் அவளை ஒளிவாகப் பூசைக்குக் கூட்டிப்போவார். அவள் உள்ளே, அவர் வெளியே, குதிரை வண்டியில்.

(எட்மண்டும் ஹொனோராவும் கற்பனை. குதிரை வண்டி, கார் நிறுத்துமிடத்தில் கண்டது.)

3

எட்மண்டின் மீது எழுதுபவளுக்குச் சந்தேகம். உள்ளே போகாதது பதவிப் பயத்தாலா, ஹொனோரா ஒருநாளும் கூப்பிடாததாலா? அவள் வாயில் ஒரேயொரு வசனம் வைத்தால் தெரிந்துவிடும்.

“எட்மண்ட், இன்றைக்காவது நீங்கள்

அதற்குமேல் நகரவில்லை.

காரணத்தை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். கலியாணமான நாளிலிருந்து பிரணவனும் பூசை நேரம் காருக்குள்தான் இருக்கிறார். கிரிக்கெட் கேட்பார், கண்ணயர்வார், “இண்டைக்குப் பாதர் நீட்டிப்போட்டார்” என்பார். உள்ளே, சமாதானம் சொல்லும் நேரம் எல்லாரும் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடிப்பார்கள். அன்ரனீற்றாவின் பக்கத்தில் அவளுடைய கைப்பை இருக்கும். இடம் பிடிக்கத்தான் வைப்பாள், யாருக்கு என்று சொல்லமாட்டாள். கூப்பிட்டால், தன்னைக் கிறிஸ்தவ வேதத்துக்கு இழுப்பதாக அவர் நினைப்பாரோ என்ற பயம்.

4

முடிவு ஒன்று: ஹொனோரா கேட்கிறாள், எட்மண்ட் வருகிறார், ஆசனம் போகிறது.

முடிவு இரண்டு: கேட்கவேயில்லை. இருவருக்கும் நரைக்கிறது. வண்டிக்குக் குதிரை மட்டும் மாறுகிறது.

(இரண்டாவதை எழுதிவிட்டு அன்ரனீற்றா அழுதாள். அயர்லாந்துக்காக அழுகிறாள் என்று நினைத்து, பிரணவன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.)

இன்று ஞாயிறு. பிரணவன் காரை வழக்கமான இடத்தில் நிறுத்தி, சீற்றைச் சாய்த்துக்கொண்டார்.

“உம்மட ஆள் இன்னும் வண்டிக்குள்ளதானோ?”

“ஓம்.”

“பாவம். குளிருமெல்லே.”

அடுத்து அவள் கேட்டதற்குப் பிரணவன் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதை எழுதுவது மட்டும் என் பாடு. அன்ரனீற்றா கதவைத் திறந்தாள். இறங்கவில்லை. கைப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“இண்டைக்கு உள்ள வாங்கோ. ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பக்கத்தில இருந்தால் காணும்.”