சுழலாத வட்டு

சுகந்திக்குக் காது நல்ல காது. அந்தக் காதைவிட ஜெனோவை அதிகம் நம்பினாள், அதுதான் வினை.

தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கணினிகளெல்லாம் அவள் பொறுப்பு. மாசியில் புது சர்வர் போட்டபோது, "பாலிடெக்னிக்ல என்கூடப் படிச்சவன் மேடம், அவனுக்கு நான் பொறுப்பு" என்று சென்டரை நடத்தும் டாக்டர் லோகநாயகியிடம் அடித்துச் சொல்லி ஜெனோவைக் கூட்டி வந்தவள் அவள்தான். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் சோறு கொண்டுவந்தவன் ஜெனோ. அவனைச் சந்தேகப்பட மனசு வருமா?

ஜெனோ ஒரே சர்வர் பெட்டிக்குள் மென்பொருளாலேயே மூன்று மெய்நிகர் கணினிகளை அமைத்துக் கொடுத்தான். ஸ்கேன் படங்கள் போய்ச் சேரும் வட்டும், அதாவது டிஸ்க்கும், மெய்நிகர்தான். பெட்டிக்குள் இருக்கும் நிஜ வட்டில் பாத்தி கட்டி ஒதுக்கிய இடம், அவ்வளவே. சுகந்தி ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வட்டுக்கும் கணினிக்கும் நடுவில் நின்று சேதி சொல்லும் டிரைவர் மென்பொருளிடம் விவரம் கேட்டாள். 'சுழலாத வகை, எஸ்எஸ்டி' என்றது. 'வட்டில் எழுது' என்று உத்தரவு போட்டாள். கண் சிமிட்டுவதற்குள் 'எழுதியாச்சு' என்று பதில் வந்தது. வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

பெட்டிக்குள் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. "அது ஃபேன் சத்தம்ட்டி, புதுசுல்லா, அப்படித்தான் கத்தும்" என்றான் ஜெனோ. சரி என்று விட்டுவிட்டாள்.

அந்த 'எழுதியாச்சு'வை நம்பி இன்னொரு காரியமும் செய்தாள். ஸ்கேன் மெஷினில் இடம் போதவில்லை. சர்வரிலிருந்து பதில் வந்த உடனே மெஷின் தன் பிரதியை அழித்துவிடும்படி அமைத்தாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அச்சன்புதூர் பிச்சையாவுக்கு நரம்பில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்து முடித்த மறு நிமிடம், சாரல் காற்றில் குற்றாலம் ரோட்டில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. பழைய யுபிஎஸ்ஸும் கூடவே படுத்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு பார்த்தால், பிச்சையாவின் படம் மெஷினிலும் இல்லை, சர்வரிலும் இல்லை.

அவருக்கு ஏற்கெனவே கிட்னி பலவீனம். பத்து நாளைக்கு அந்த மருந்தை மறுபடி ஏற்ற முடியாது என்றார் டாக்டர். படம் இல்லாமல் வியாழக்கிழமை நடக்கவிருந்த ஆபரேஷனும் இல்லை.

அவசரத்துக்கென்று ஜெனோ உறையில் போட்டுக் கொடுத்திருந்த பாஸ்வேர்டை எடுத்து, சுகந்தி முதன்முறையாகப் பெட்டியின் அமைப்புகளுக்குள்ளேயே நுழைந்தாள். இரண்டு டிக். 'இந்த வட்டை எஸ்எஸ்டி என்று காட்டு' என்பதில் ஒன்று. 'எழுதி முடியக் காத்திராமல் ஆச்சு என்று சொல்' என்பதில் இன்னொன்று. அடியில் இருந்தவை நாற்பத்தோராயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த பழைய சுழலும் வட்டுகள். பிச்சையாவின் படம் வட்டில் ஏறும் முன்பே 'எழுதியாச்சு' என்று பதில் போயிருந்தது. நம்பவைத்துக் கழுத்தை அறுத்திருந்தான்.

ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தான் ஜெனோ. சாரலில் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் போய் நின்றாள்.

"ஏலே, அந்த ரெண்டு டிக்கையும் யாரு போட்டா?"

ஏணியிலிருந்து இறங்கினான். முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சொன்ன தேதிக்குள்ள நல்ல வட்டு கிடைக்கலட்டி. பழசப் போட்டேன். வேகம் காணல, அதான் அந்த டிக். ரெண்டு மாசத்துல மாத்திரலாம்னுதான் இருந்தேன்."

"டிரைவர்ட்ட நான் கேட்டேனேலே!"

"அது என்ன செய்யும்? பெட்டி சொன்னத அப்படியே ஒன்ட்ட சொல்லுது."

"நானும் அதத்தான செஞ்சிருக்கேன். நீ சொன்னத அப்படியே மேடத்துட்ட போய்ச் சொல்லியிருக்கேன்."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? கரண்ட் போச்சு, படம் போச்சுன்னு எழுதிக் குடு. உள்ள போயி யாரு பாக்கப் போறா?"

அந்தப் பதினொரு நாள் சோறும் நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வண்டியைத் திருப்பினாள்.

பிச்சையா இன்னும் சென்டர் பெஞ்சில்தான் இருந்தார், சாப்பிடாமல், கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சோடு. "யம்மா, கரண்டு வந்துட்டுல்லா? படத்தத் தருவியளா?"

டாக்டரையும் அங்கேயே அழைத்து நிறுத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிச்சையாதான் கேட்டார்.

"அப்ப ஒன்னையும் ஏமாத்திட்டானாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சர்வர் இருக்கும் உள் அறையின் கதவு திறந்து கிடந்தது. கரகர, கரகர.

"இந்தச் சத்தம் எனக்கு மாசியிலேயே கேட்டுச்சு அண்ணாச்சி," என்றாள். "சுழலாத வட்டு சத்தம் போடாது. அது எனக்குத் தெரியும்."

பிச்சையா பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே, அச்சன்புதூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டார்.