மைக் செட்டுக்குச் சந்தனக் காப்பு

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆடித் திருவிழாவில், எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மனுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை ஒரு மைக் செட்டுக்குக் கிடைத்தது. அதை ஈப்போவிலிருந்து வாங்கி வந்தவர் கோயில் செயலாளர் பழனியப்பன். வருடா வருடம் வாடகைக்கு எடுப்பது தோட்டத்துக்கே அவமானம் என்று அவர் கூட்டத்தில் முழங்கியபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வேலைக்காட்டில் ஆட்களை மேய்த்து நிரை பிரித்துக் கொடுக்கும் மண்டோரும் அவர்தான். எதிர்த்துப் பேசினால் மறுநாள் ஏறி இறங்கிப் பால் வெட்ட வேண்டிய மேட்டு மர நிரைதான் கிடைக்கும்.

புதுச் செட்டு என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் கொட்டகையிலோ கத்திக் களைத்து ஓய்வு பெற்ற வால்வு செட்டு. கடைக்காரர் ஷரபுதீன் போட்டுக் காட்டியபோது நன்றாகத்தான் பாடியது. கோயிலுக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது. விளக்கு எரிந்தது. கூம்பு ஸ்பீக்கரிலிருந்து மூச்சுகூட வரவில்லை.

பழனியப்பனுக்குத் தூக்கம் போனதோ இல்லையோ, காளியம்மாவுக்குப் போனது. பால் வெட்டும் காளியம்மா அந்த வருடம் ஓர் உபயம் ஏற்றிருந்தாள். உபயக்காரர் பெயரை மைக்கில் சொல்வது வழக்கம். அவள் தன் மகன் பத்துமலையின் பெயரைக் கொடுத்திருந்தாள். அவன் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் அங்கே போன நாளிலிருந்து லயத்து வீடுகளில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. 'அந்தப் பையன்' என்பார்கள். இல்லையென்றால் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள். அவனோ குணமாகி, அடுத்த மாதம் வீட்டுக்கு வரப்போகிறான்.

"பூசாரி அர்ச்சனையில சொல்லுவாருல்ல, போதாதா?" என்று பக்கத்து வீட்டு இருளாயி கேட்டாள்.

"சாமிக்கு அவன் பேரு தெரியும்லா. இந்த மனுசங்களுக்குத்தான் மறந்து போச்சு" என்றாள் காளியம்மா.

செட்டுக்கு வைத்தியம் தொடங்கியது. முதலில் வந்தவர் லாரி ஓட்டும் சன்னாசி. லாரி ஓட்டுபவருக்குக் கரண்டும் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் செட்டின் மண்டையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "எர்த்து இல்லண்ணே" என்றார். இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்துத் தண்ணீர் ஊற்றினோம். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் தெற்கே பார்ப்பதுதான் குற்றம் என்றார் ஒருவர். கிழக்கே திருப்பினோம். அப்போதும் வரவில்லை. கடைசியில் பழனியப்பனே நோயைக் கண்டுபிடித்தார்.

"ஈப்போ வரைக்கும் இப்படி ஒரு செட்டு எந்தக் கோயில்லயும் இல்ல. எவனோ கண்ணு வச்சிட்டான்!"

அவர் மனைவி மங்களம் செட்டு வந்த அன்றே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். பெட்டிக்கு நெற்றி எது என்று தெரியாததால், வட்டமாக இருந்த இடத்திலெல்லாம் வைத்துவிட்டாள். கண்ணேறு என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டுமா? காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சந்தனத்தை அப்பினாள். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். பூசணிக்காயும் உடைந்தது. செட்டு மட்டும் வாய் திறக்கவில்லை.

திருவிழாவன்று காலையில்தான் ஷரபுதீனுக்கு ஆள் போனது. அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, செட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மைக் சொருகும் ஓட்டைக்குள் தீக்குச்சியை விட்டுக் கிண்டினார். காய்ந்த சந்தனம் கட்டிகட்டியாக விழுந்தது.

"அண்ணே, நான் வித்தது செட்டு. நீங்க சாமியாக்கிட்டீங்க. ஓட்டையெல்லாம் சந்தனத்த அடைச்சு வச்சா சத்தம் எந்த வழியா வரும்?"

"நல்லாத் துடைங்க பாய்" என்றார் பழனியப்பன். "மேல இருக்கிற பொட்ட மட்டும் அழிச்சிடாதீங்க."

துடைத்ததும் செட்டு உறுமியது. கூட்டம் கைதட்டியது. காளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சூடாகும், மேல எதையும் போட்டு மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஷரபுதீன் போய்விட்டார். அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? பழனியப்பன் அதற்குள் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்திருந்தார்.

மாலையில் உபயக்காரர் பெயர்களுக்கு முன் நன்றியுரை நடந்தது. விழாவுக்கு வராத தோட்ட மானேஜருக்குப் பழனியப்பன் நன்றி சொன்னார். அவர் மனைவிக்கும், அவர்கள் வீட்டு டிரைவருக்கும் சொன்னார். மங்களமும் தன் பங்குக்குச் செட்டுக்கு நன்றி செலுத்தினாள். பட்டுத்துணி போர்த்தி, தடித்த செவ்வந்தி மாலை சாத்தி, சூடம் காட்டினாள். உபயப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. காளியம்மா முன்னால் நகர்ந்து நின்றாள்.

"அடுத்ததாக..." என்றார் பழனியப்பன். 'கொர்' என்று ஒரு சத்தம். அத்தோடு செட்டு செத்தது. துணியிலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துப் பின்வரிசை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"செட்டு ரோசாக் ஆயிடுச்சு காளியம்மா. அடுத்த வருசம் மொதப் பேரா சொல்லிடலாம்லா" என்றார் பழனியப்பன்.

"அடுத்த மாசம் வாரான் அண்ணே. அடுத்த வருசம் வரைக்கும் அவன் எந்தப் பேரோட இருப்பான்?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கோயில் படியேறித் திரும்பினாள். வாயருகே கையைக் குவித்தாள்.

"பத்துமலேய்!"

விடியாத காட்டில் தூரத்து நிரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல் அது. அந்தக் குரல் கேட்டால் யாராக இருந்தாலும் பதில் கொடுத்தாக வேண்டும். பதில் வராவிட்டால் அவரைப் பாம்போ பன்றியோ தாக்கிவிட்டது என்று மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். பெண்கள் பக்கத்தில் இருளாயியின் வாய் தன்னால் திறந்தது.

"ஓய்! பத்துமலேய்!"

அப்புறம் பால் வெட்டும் அத்தனை பேரும் கூவினார்கள். ஆண்களும் கூவினார்கள். நானும் கத்தினேன்.

மறுநாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் பழனியப்பனைக் கேட்டார். "யாரு மண்டோரே அந்தப் பத்துமலை? ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க லயம் வரைக்கும் கேட்டுச்சே!"

பழனியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம செட்டு அப்படிலா."

திருநீற்றுப் பொட்டலத்தோடு தஞ்சோங் ரம்புத்தானுக்குப் புறப்பட்டு நின்ற காளியம்மாவைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அவள் முகத்தில் இல்லை.

"செட்டுன்னே இருக்கட்டும் தம்பி" என்றாள். "யாரு பத்துமலைன்னு ஒரு ஆளு கேட்டுட்டாருல்ல." பிறகு அந்த ஆளிடம் திரும்பி, "என் மகன்தாண்ணே" என்றாள்.