சபாநாயகரின் விரல்

சபை கூடுவதற்கு முன்பு மேஜை மேஜையாகப் போய் மைக்கைத் தட்டிப் பார்ப்பது அவன் வேலை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றின் வாயையும் துடைப்பான். யார் பேசினால் எச்சில் தெறிக்கும், யாருக்குக் கோபம் வந்தால் மைக்கின் கழுத்தைத் திருகுவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நிதி அமைச்சரின் மைக் மட்டும் எப்போதும் புதுசு போலவே இருக்கும். அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருமில்லை. எல்லோருக்கும் அவன் 'மைக்கு'தான்.

அந்தத் திங்கட்கிழமை வெண்கலத்தாரின் மேஜையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தான். அவர் எதிர்க்கட்சிக்காரர், அவன் குடியிருக்கும் தொகுதியின் உறுப்பினர். தொண்டை வெண்கல மணி மாதிரி என்பதால் சபையே வைத்த பெயர் அது. விடிந்ததும் மனைவியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தான்.

மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் இஸ்திரி மேஜைக்காரி. நின்றுகொண்டே பார்க்கிற வேலை. முதல் பிள்ளை தங்காமல் போனது அந்த மேஜையின் முன்னால்தான். இப்போது மறுபடி ஆறு மாதம். தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு ஆக்கும் மசோதா இந்த வாரம் வருகிறது என்று கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாசமா இருக்கறவங்களுக்கு மட்டுமாவது பழைய நேரமே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சேக்கச் சொல்லுங்கய்யா" என்று அவள்தான் கேட்டாள்.

"வார்த்தை என்னம்மா, திருத்தமே கொண்டு வர்றேன். அந்தப் பக்கமும் பொண்டாட்டி பிள்ளை இருக்கறவன்தானே உக்காந்திருக்கான், எவன் வேணாம்பான்?" என்றவர், அவனைப் பார்த்துச் சிரித்தார். "அதுவும் மைக்கு நம்ம ஆளு. அப்புறம் என்ன பயம்?"

அவள் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மறைந்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் சொல்லிச் சபையை ஒத்திவைத்தார்கள். புதன்கிழமை யாரோ யாரையோ கோமாளி என்றுவிட, அதைச் சபைக்குறிப்பிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்றே பொழுது போயிற்று. வியாழக்கிழமை வெளிநடப்பு, உணவு விடுதியில் இடமில்லை. ஆக, மசோதாக்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையின் தலையில் வந்து உட்கார்ந்தன.

அவன் உட்காருவது மாடத்தில், கண்ணாடி அறைக்குள். சபையின் சத்தம் ஹெட்போன் வழியாக மட்டும்தான் அவனை எட்டும். வேலைக்கு வந்த அன்றே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றுதான்: பேச்சைக் கேட்காதே, சபாநாயகரின் ஆள்காட்டி விரலைப் பார். விரல் மடங்கினால் பேசுகிறவரின் மைக்கை அணை. கீழே சுருக்கெழுத்துக்காரர்களுக்கும் காதில் ஹெட்போன்தான். மைக்கில் வருவதைத்தான் அவர்கள் எழுதுவார்கள். மைக்கில் வராதது குறிப்பில் ஏறாது, குறிப்பில் ஏறாத திருத்தம் ஓட்டுக்கு வராது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மசோதாக்கள் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. "ஆம் என்போர்" என்பார் சபாநாயகர். ஒரு பக்கம் மேஜை தட்டும். "நிறைவேறியது." ஒருவர் கொட்டாவியை முடிப்பதற்குள் ஒரு சட்டம் முடிந்தது. வேலை நேர மசோதாவைப் படித்ததும் வெண்கலத்தார் எழுந்தார். அவன் அவருடைய மைக்கைப் போட்டான்.

"கர்ப்பிணிப் பெண்கள் விஷயத்துல ஒரு திருத்தம்..."

சத்தம் நின்றுவிட்டது. வயர்தான் கழன்றுவிட்டது என்று ஹெட்போனை அழுத்திப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார். சுருக்கெழுத்துக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டார்கள். அப்புறம்தான் அவன் குனிந்து பார்த்தான். அவருடைய மைக்கின் பொத்தான்மேல் அவன் கட்டைவிரல் இருந்தது. சபாநாயகரின் விரல் எப்போது மடங்கியது என்றே அவனுக்கு நினைவில்லை. கை பார்த்திருக்கிறது, செய்திருக்கிறது. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேயறைந்தவன் மாதிரி மறுபடி அழுத்தினான். "நிறைவேறியது" என்று காதில் கேட்டது. வெண்கலத்தார் உட்காரும்போது இருமினார். அந்த இருமல் மட்டும் மைக்கில் சுத்தமாக வந்தது.

மேற்பார்வை அதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு நொடி பிசகலப்பா. சபாநாயகரே மெச்சிக்கிட்டார்."

நடைவழியில் வெண்கலத்தார் நின்றிருந்தார். திட்டுவார் என்று பார்த்தான். திட்டியிருந்தாலாவது தேவலை.

"உன் வீட்டுக்காகத்தானேப்பா எந்திரிச்சேன்" என்றார் தாழ்ந்த குரலில். அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போகக் கம்பெனி வாசலுக்குப் போனான். வழக்கமாகச் சங்கு ஊதும் நேரம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. கம்பிக் கதவில் புதுப் பலகை ஒன்று தொங்கியது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்று சிவப்புப் பெயிண்ட்டில் அழகாக எழுதியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தான். பெயிண்ட் கையில் ஒட்டவில்லை, மேல் விளிம்பிலிருந்த தூசிதான் ஒட்டியது.

"மத்தியானம்தானே பாஸாச்சு?" என்று காவலாளியிடம் கேட்டான்.

"பலகை போன மாசமே வந்துருச்சு தம்பி. ஸ்டோர்ல கிடந்துச்சு. இன்னைக்கு மாட்டச் சொன்னாங்க."

அவன் வந்திருப்பதை யாரோ உள்ளே சொல்லியிருக்க வேண்டும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கதவருகே வந்தாள். காவலாளி கதவைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டான். நெற்றி முடியெல்லாம் ஆவியில் நனைந்து ஒட்டியிருந்தது. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

"ஏங்க, ஐயா பேசினாரா?"

"பேசினார்."

"எங்களைப் பத்தியா? நீங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அதானே பார்த்தேன். இந்த சூப்பர்வைசருக்கு இன்னும் விஷயம் தெரியல போல. எனக்குப் பழைய நேரம்தான்னு சொல்லிட்டு, பையை எடுத்துட்டு வந்துடறேன். போயிடாதீங்க, இங்கயே நில்லுங்க."

"இரு, இந்தா..." என்றான். அவள் அதற்குள் பாதி முற்றம் தாண்டியிருந்தாள், அந்த வயிற்றோடு, சிரித்துக்கொண்டே. காவலாளி உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டான்.